வாற்றும் வெளிச்சமும்



மின்குமிழ் ஒன்று வாங்கக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை வாற்று?" என்பதே. நாமும் தயங்காது 9 என்றோ 12 என்றோ விடை பகர்ந்துவிட்டு, அவர் எடுத்துவைப்பவற்றுள் விலை குறைந்ததைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

அக்கேள்வி ஒரு காலத்தில் முற்றிலும் பொருத்தமான கேள்வியாகத்தான் இருந்தது. இழை மின்குமிழ்களே வழங்கிய அந்நாளில் 40 வாற்று என்றால் இவ்வளவு வெளிச்சம், 60 வாற்று என்றால் இவ்வளவு வெளிச்சம் என்று எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். யார் செய்த குமிழாயினும் பெரிய வேறுபாடு இராது. இன்றோ நிலைமை வேறு. வாற்று என்பது குமிழ் உண்ணும் வலுவின் அளவேயன்றி அது தரும் ஒளியின் அளவன்று. மாடு தின்ற புற்கட்டுகளை எண்ணி, அது கறக்கும் பாலின் அளவைச் சொல்லிவிட இயலுமா? ஒளியை அளக்கும் அலகுக்கு லூமன் என்று பெயர். பெட்டியின் பக்கவாட்டிற் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் அந்த எண்ணையே நாம் முதலிற் பார்த்தல் வேண்டும். பழைய 60 வாற்றுக் குமிழ் தந்த வெளிச்சம் ஏறத்தாழ 700 லூமன். எல்.ஈ.டி. என வழங்கும் ஒளிகாலும் இருவாயிக் குமிழ்களுள் நல்லதொன்று 8 அல்லது 9 வாற்றில் 800 லூமன் அளவு தருகின்றது. அதே 9 வாற்று என்று எழுதி 600 லூமன் மாத்திரம் தரும் குமிழும் சந்தையில் உண்டு. லூமன் அளவே குறிக்கப்படாத பெட்டிகளும் உண்டு. அவற்றைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது? இழைக்குமிழ் என்பது உண்மையில் ஓர் அடுப்பு. தங்குதன் இழையைச் சூடாக்கி, அது கனன்று எரிகையில் உடன்பிறக்கும் சிறு வெளிச்சத்தை நாம் பயன்படுத்தினோம். பெற்ற சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே கழிந்தது. ஒளிகாலும் இருவாயியிலோ குறைகடத்தி ஒன்றினூடே மின் பாயும்போது அதுவே நேராக ஒளியைக் காலுகின்றது. சிவப்பொளி தரும் இருவாயி 1962ஆம் ஆண்டிலேயே உருவாகிவிட்டது. வெள்ளொளிக்கு வேண்டிய நீலம் மட்டும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அகப்படாது நின்றது. அதனைப் பிடித்துத் தந்த அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சொன்றை இட, கண்ணுக்கு அது வெண்மையாகத் தோன்றுகின்றது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 60 வாற்றுக் குமிழ் ஒன்று நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்திற்கு 9 மின் அலகு செலவாகும். 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு அதே நேரத்தில் 1.35 அலகுதான். மாதம் 80 அலகு செலவிடும் வீட்டில் இத்தகைய பழைய குமிழ்கள் மூன்றை மாற்றினால், கணக்கு 57இல் வந்து நிற்கும். இந்த இடத்திலேதான் நம் நாட்டின் கட்டணமுறையை நினைத்தல் வேண்டும். அண்மை ஆண்டுகளின் வீட்டுக் கட்டண ஒழுங்கில் 60 அலகு என்பது ஒரு வேலி. அதனைத் தாண்டியவர் தாண்டிய அலகுகளுக்கு மாத்திரமன்றி, முதல் அலகிலிருந்தே கூடிய விலை கொடுக்கின்றார்; நிலையான கட்டணமும் ஏறிவிடுகின்றது. ஆகவே வேலியின் அருகே நிற்கும் குடும்பத்துக்கு மூன்று குமிழ்களின் மாற்றம் சிறிய காரியமன்று. விளக்குகள் எரியும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையிலான வேளையே நாடு முழுவதும் மின் தேவை உச்சத்தைத் தொடும் வேளை. கூரைகளின் மேலுள்ள சூரியப் படலங்கள் அப்பொழுது உறங்கிவிடுகின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளிற் கிடந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உங்கள் வீட்டில் இருப்பவை சுருள் குழாய்க் குமிழ்களாயின் அவசரப்படாதீர்கள். 14 வாற்றுச் சுருள் குமிழை மாற்றுவதால் மாதத்தில் முக்கால் அலகுதான் மிஞ்சும். அது தன் காலம் முடியும்வரை எரியட்டும். முடிந்த பின்னும் அதனை உடையாது எடுத்து வையுங்கள். உள்ளே சிறிதளவு இரசம் உண்டு. தவறி உடைந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் அறையை விட்டு வெளியேறுவதே முறை.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டியில் 2700 கெல்வின் என்றிருந்தால் பழைய குமிழின் இளமஞ்சள். 4000 நடுநிலை வெண்மை. 6500 நீலம் கலந்த கடும் வெண்மை. 6500ஐத் தேர்ந்து படுக்கையறையிலும் மாட்டிவிட்டு, வீடு மருத்துவமனை வாட்டுப்போல் இருக்கிறதென்று குறைப்படுவோர் பலர். சமைக்கும் இடத்துக்கு 4000 போதும். உறங்கும் இடத்துக்கு 2700ஏ இதமானது. நிறத்தை மெய்யாகக் காட்டும் தன்மைக்கும் ஓர் எண் உண்டு. அது 80க்குக் குறைந்தால் மீனின் செவுள் சிவந்திருக்கின்றதா, வெளிறிவிட்டதா என்று அடுக்களையில் நின்று கூற முடியாது.

குமிழ் 15,000 மணித்தியாலம் எரியும் என்று பெட்டி சொல்கின்றது. நாளுக்கு 5 மணித்தியாலமென்றால் அது எட்டு ஆண்டுக்கு மேல். என் வீட்டு முகப்பில், மூடிய கண்ணாடிக் கூட்டினுள் மாட்டிய குமிழோ ஏழு மாதத்தில் அணைந்துவிட்டது. பெட்டி பொய் சொல்லிற்று என்று அன்று சினந்தேன், குற்றம் என்மேலதே. எல்.ஈ.டி. வெப்பம் குறைவாகத் தரினும் அவ்வெப்பத்தை வெளியேற்றக் காற்று வேண்டும். காற்றில்லாக் கூட்டினுள் குமிழின் அடிப்பாகத்துள்ள மின்னணு உறுப்புகள் வெந்து கெடுகின்றன. மூடிய கூட்டுக்குரியது என்று குறித்த குமிழையே அங்கு மாட்டுதல் வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் உள்ளோர், அது தாங்கும் வோல்ற்று எல்லையையும் பார்த்து வாங்குக.

வேறொன்று. ஆளியை நிறுத்திய பின்னும் எல்.ஈ.டி. குமிழ் மின்மினிபோல் மங்கலாக ஒளிர்வதைச் சிலர் கண்டிருப்பீர்கள். ஆளியிலேயே சிறு அடையாள விளக்கு இருந்தால் அதனால் அவ்வாறு நேரலாம், அதிற் பயமில்லை. அஃதில்லாத ஆளியாயின், உயிர்க்கம்பியிற் பூட்ட வேண்டிய ஆளியை யாரோ நொதுமற் கம்பியிற் பூட்டியிருத்தல் கூடும். அப்படியாயின் ஆளி நின்றும் குமிழ் தாங்கியில் மின் நிற்கும்; குமிழ் மாற்றக் கை வைப்பவருக்கு உயிராபத்து. பழைய இழைக்குமிழ் இதனைக் காட்டிக்கொடுத்ததில்லை. தேர்ந்த மின்வினைஞர் ஒருவரை அழைத்துப் பார்ப்பியுங்கள்.

1990இலிருந்து பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் ஜாம் போத்தல் விளக்கை மறந்திரார். போத்தலின் அடியிற் பஞ்சு, அதில் நனைந்த சிறிதளவு மண்ணெண்ணெய், ஒரு சிறு திரி. அச்சிறு சுடரின் முன் படித்துப் பரீட்சைகளிற் சித்தியடைந்தோர் எத்தனையோ பேர். அது எவ்வாறு இயன்றது? சுடர் புத்தகத்தின் பக்கத்தில் இருந்தது. ஒளிமூலத்தின் தூரம் நான்கிலொன்றாகக் குறைந்தால், தாளில் விழும் ஒளி பதினாறு மடங்காகும். எட்டடி உயரத்துக் கூரையில் 9 வாற்றுக் குமிழ் எரிய, அதன் கீழே தன் நிழலில் தானே குனிந்து படிக்கும் பிள்ளைக்கு, இரண்டடி தூரத்தில் 5 வாற்று மேசை விளக்கொன்றை வைத்துக்கொடுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளையாயின் விளக்கு இடப்புறம் இருக்கட்டும். வாங்கிய அன்றைய திகதியைக் குமிழின் அடியில் மையாற் குறித்துப் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தினால், உத்தரவாதக் காலத்துள் அணைந்த குமிழைக் கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்.