கண்ணாடியைக் காக்கும் ரப்பர்
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் வெட்டும் பால் எங்கே போகிறது என்று கேட்டால், "டயருக்கு" என்போம். பழைய கார்களின் கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையை எண்ணிப் பார்ப்பவர் சிலரே!

இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மோரிஸ் மைனர் இன்றும் சிலரிடம் ஓடுகிறது. அதன் முன்கண்ணாடியைப் பிடித்து நிற்பது ரப்பர் பட்டைதான். அது வெடித்தால் மழைநீர் இறங்கும், தகடு துருவேறும், பட்டையோடு காரும் போகும்.

பட்டையை மாற்ற இருவர் வேண்டும். பழையதைக் கத்தியால் அறுத்து, விளிம்பிலுள்ள துருவைச் சுரண்டி, வர்ணம் பூசிக் காயவிட வேண்டும். புதுப் பட்டையைக் கண்ணாடியில் மாட்டி, தகட்டைக் கவ்வும் பள்ளத்தில் கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதிக்க வேண்டும். சவர்க்கார நீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுத்தால், ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி அமரும்.

ஒன்றை மறவாதீர்! பட்டையை இழுத்துப் பொருத்தக் கூடாது. நீளம் சற்றுக் கூடுதலாகவே வெட்ட வேண்டும். ஏன்? கிராணியார் மேசையில் தாள்கட்டைச் சுற்றி இழுத்துப் போட்ட ரப்பர் வளையத்தைப் பாருங்கள். நாளடைவில் குறுக்கே வெடிக்கும். காற்றிலுள்ள ஓசோன் என்னும் வாயு, இழுபட்டு நிற்கும் ரப்பரையே முதலில் கடிக்கிறது.

எண்ணெயும் இதற்குப் பகையே. பெட்ரோல், மண்ணெண்ணெய், வாசலின் எதையும் பட்டையில் தடவாதீர். ரப்பர் ஊதி, வலுவிழக்கும். சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்தி, சிலிக்கோன் மசகு பூசுங்கள். காரை நிழலில் நிறுத்துங்கள்.

உண்மையை மறைக்க மாட்டோம். வெயிலையும் ஓசோனையும் இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் நம் பால்மரத்து ரப்பரைவிட நன்கு தாங்கும். புதுப் பட்டைக்கு அதுவே மேல். அதனால் நம் ரப்பர் தாழ்ந்துவிடாது. விமானச் சக்கரத்தின் டயருக்கு இன்றும் இயற்கை ரப்பரே வேண்டும்!

எந்த வேலைக்கு எது ஏற்றது என்பதை முதலாளி மட்டும் அறிந்தால் போதாது. பாலை வெட்டும் கையும், கணக்கை எழுதும் கையும் அறிய வேண்டும். தன் உழைப்பின் பொருளை அறிந்தவனை எவரும் எளிதில் ஏய்க்க முடியாது!