கடிதம் எழுதக் கற்றுத்தந்த கல்லூரிக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறு வயதைக் காணும் கல்லூரி அன்னையை வாழ்த்துவதற்கு எத்தனையோ விடயங்கள் உண்டு. நாங்கள் இன்று ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம்.

பத்தாம் ஆண்டில் எங்கள் தமிழ் டீச்சர் முறைப்பாட்டுக் கடிதம் எழுதக் கற்பித்தார். பிரதேச சபைத் தவிசாளரிடம் பழுதடைந்த பாதையைத் திருத்தித் தருமாறு கேட்க வேண்டும். திகதி, முகவரி, விடயம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிப் பத்துக்கு எட்டும் ஒன்பதும் வாங்கினோம்.

எங்களோடு படித்த ஒருத்தி அந்தக் கடிதத்தை உண்மையாகவே எழுதினாள். அவளுடைய லயத்துப் பீலிக்கு வரும் தண்ணீர், மேலேயிருந்த மாட்டுப்பட்டியையும் மலசலகூடங்களையும் கடந்தே வந்தது. அந்த வருடம் பல வீடுகளில் செங்கமாரி. அவளுடைய அப்பா எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கடிதத்தைச் சபைக்குக் கொண்டுபோனார். "அது தோட்டத்துக் காணி, நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது" என்றார்கள். தோட்டத்து ஒபீசில் காசில்லை என்றார்கள். கடிதம் வீட்டுக்கே திரும்பி வந்தது. சாதாரண தரப் பரீட்சை தொடங்கிய நாளில் அவளும் படுக்கையில் கிடந்தாள். அடுத்த வருடம்தான் பரீட்சை எழுதினாள்.

சபைக்காரர்கள்மீது எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர்கள் சொன்னது பொய்யல்ல என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 1948 இல் குடியுரிமையை இழந்து, நீண்ட காலம் போராடி வாக்குரிமை பெற்ற எங்கள் மக்களின் நிலை இதுதான். வாக்குக் கேட்டு லயத்துக்கு வரலாம். வென்ற பிறகு அதே லயத்துக்கு ஒரு குழாய் போட முடியாது.

2018 இல் மூன்று மாற்றங்கள் வந்தன. அம்பகமுவ, நுவரெலியா ஆகிய மிகப்பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களுக்கும் சபைகள் கிடைத்தன. அந்த வருடத் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. பின்னர் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தோட்ட நிர்வாகத்தோடு கலந்தாலோசித்து, தோட்ட மக்களுக்கும் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளைச் செய்துகொடுக்கச் சபைகளுக்கு வழிவிட்டது.

கதவு திறந்துவிட்டது. ஆனால் திறந்தது பலருக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளினிக்குக்கு ஒரே லயத்திலிருந்து வயிற்றோட்டத்தோடு குழந்தைகள் தொடர்ந்து வந்தார்கள். ஜீவனி கொடுத்தோம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னோம். மூன்றாம் முறை வந்த ஒரு தாயிடம், யாரிடமாவது முறையிட்டீர்களா என்று கேட்டோம். "யாருக்கிட்டப் போய்ச் சொல்ல, மிஸ்?" என்றார். எங்களிடம் மருந்து இருந்தது. அந்தக் கேள்விக்கு உடனே பதில் இருக்கவில்லை.

அன்று மாலையே அந்தத் தாய்மாரோடு உட்கார்ந்து கடிதம் எழுதினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர் மாதிரி எடுத்தார். சபைக்கும் தோட்ட முகாமையாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் ஒரே கடிதம் பதிவுத் தபாலில் போனது. மூவருக்கும் மூவரும் அறியப் போனதால், ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடமிருக்கவில்லை. பதினொரு மாதங்களுக்குப் பிறகு பாதி லயத்துக்குக் குழாய் வந்தது. மீதிப் பாதிக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இதில் கற்றுக்கொண்டவை சில. "தண்ணீர் வசதி செய்து தரவும்" என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை குடும்பங்கள், எந்த லயம், எந்தத் திகதியிலிருந்து, எத்தனை பிள்ளைகளுக்கு வருத்தம் என்று எழுத வேண்டும். பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்கலாம். தகவல் அலுவலர் தமது தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் எங்களுக்கு அரசியலமைப்பு உரிமை உண்டு.

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. நூற்றாண்டு நினைவாக வாயில் வளைவும் கட்டுவோம். அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தைத் திறந்து வைப்போம். தோட்டங்களிலிருந்து வரும் தாய்மாரோடு பழைய மாணவியரும் மேல்வகுப்பு மாணவியரும் உட்கார்ந்து கடிதம் எழுதட்டும். ஒரு மேசை, கொஞ்சம் தாள், முத்திரைக் காசு போதும்.

அன்று பரீட்சையைத் தவறவிட்ட எங்கள் தோழி இன்று தமிழ் ஆசிரியை. அவளும் முறைப்பாட்டுக் கடிதம் கற்பிக்கிறாள். கற்பனை முகவரி எழுத அவள் விடுவதில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் இலக்கம் எல்லாம் வேண்டும். புள்ளி போட்ட பிறகு கடிதங்களைத் தபாலில் சேர்த்துவிடுகிறாள்.

எங்களுக்கு எழுதக் கற்றுத்தந்த கல்லூரி அன்னைக்கு நன்றி. எழுதியதைத் தபாலில் போடுவது இனி எங்கள் பொறுப்பு.