மன்னாரில் இரவுப் பறவை தேடி
(மாலை நடைக்கு முன் நிகழ்த்திய உரை)



நம்ம பாட்டன் பூட்டன்மார் 19ஆம் நூற்றாண்டில் இந்த மன்னார்க் கரையில் இறங்கித்தான் மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். அவர்களைக் கொன்றது பசியும் தாகமும் கொள்ளை நோயும், ஆந்தை அல்ல. ஆனாலும் 'ஆந்தை கத்தினா சாவு வரும்' என்று லயத்தில் இன்றும் கல்லெறிகிறோம்.

ஆந்தை இனமான கூகை எலியைத் தின்னும். பக்கி பறந்தபடியே பூச்சி பிடிக்கும். இரண்டும் நமக்கு நன்மைதான் செய்கின்றன.

2008இல் சரணாலயமாக்கப்பட்ட வங்காலைப் பக்கத்து வீதியோரமாக இன்று நடப்போம். டோர்ச் வெளிச்சத்தில் பக்கியின் கண் தணல் போல மின்னும். கண்டதும் வெளிச்சத்தை விலக்கிடுங்க. பக்கி கூடு கட்டாது, வெறுந்தரையிலேதான் முட்டையிடும்; ஆகவே பாதையை விட்டு இறங்க வேண்டாம். 'சக்-சக்-சக்' என்று கேட்டால் பேசாமல் நின்று காது கொடுப்போம்.

பிள்ளைகளே, பயமாயிருந்தால் அம்மா கையைப் பிடிச்சுக்கோங்க. தோட்டத்துக்குத் திரும்பிய பின் லயத்துப் பக்கம் ஆந்தை கத்தினால், கையிலுள்ள கல்லைக் கீழே போட்டுவிடுவோம். அது போதும்.