அண்டை ஆலயமும் நமது சங்கமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



முத்தமிழின் மாண்பினை எடுத்துரைக்க அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டைக் கட்டி வைத்துவிட்டு, பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் நாம் அத்துறையிற் புகுவது அழகன்று. ஆகவே, கண்ணாரக் கண்ட ஒன்றையே சொல்ல விழைகின்றோம். அது இத் திமாப்பூரில் நாகர் ஆலயமொன்றில் நிகழ்ந்த ஆண்டிறுதி வழிபாடு. தமிழ்ச் சங்கத்தில் பாப்டிஸ்டு ஆலயத்திற்கு என்ன வேலை என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. சற்றே பொறுத்தருள்க.

நாம் பிழைக்க வந்த இந்நாகாலாந்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் பாப்டிஸ்டு சபையினர். அமெரிக்கப் போதகர் கிளார்க் என்பார் 1872 டிசம்பரில் ஆவோ நாகரின் மலையூர் ஒன்றில் முதற் சபையை நிறுவினார். அவருக்கு முன்பே அம்மலையேறி வழி திறந்தவர் கோதுலா என்னும் அசாமியர். ஏனோ அவர் பெயரை நம்மிற் பலர் அறியார். குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பது அச்சபையின் வழக்கமன்று. அறிவு வந்தபின் தாமே விரும்பி வருவோரை நீரில் முழுவதும் அமிழ்த்தியே உறுப்பினராக்குவர். ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும். உறுப்பினர்கள் கூடி உதவிக்காரர்களைத் தேர்ந்தெடுப்பர். நமது சங்க விதிகளும் ஏறக்குறைய இவ்வாறே உள்ளன என்று செயலாளர் கூறுவார். ஏட்டளவில் உண்மைதான்.

சென்ற டிசம்பர் 31 இரவு, உடன் பணிபுரியும் ஆவோ நண்பர் அழைக்க, இல்லத்தாருடன் அவ்வாலயம் சென்றோம். நல்ல குளிர். முற்றத்தில் பெருங்கட்டைகள் எரிந்து கொண்டிருந்தன. சிவப்பும் கறுப்புமாய்ச் சால்வை போர்த்திய மகளிர், அடுப்பருகே பெரிய அண்டாக்களைக் கிண்டிக் கொண்டிருந்தனர். நாம் புலால் உண்ணோம் என்றறிந்து பருப்பும் கீரையும் தனியே ஆக்கி வைத்திருந்தனர் என்பதைப் பிற்பாடே அறிந்தோம்.

வழிபாடு ஆவோ மொழியில் நடந்தது. நண்பர் நாகாமீசில் காதோடு பொருள் சொல்லி வந்தார். பாட்டில் ஆண்குரலும் பெண்குரலும் நால்வகையாய்ப் பிரிந்து மீண்டும் கூடியது கேட்கக் கேட்கத் தெவிட்டவில்லை. பின்னர் ஒவ்வொருவராய் எழுந்து அவ்வாண்டில் பெற்ற நன்மைக்கு நன்றி கூறினர். ஒருவர் தாயாரின் கண் தேறியது என்றார். ஒருவர் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தும் தாம் பிழைத்தது என்றார். பொருளாளர் வரவு செலவை ரூபாய் விடாமல் வாசித்தார். அதில் அரிசி விற்ற பணம் என்று ஒரு வரவு! உலையிலிடுமுன் பெண்டிர் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஆலயத்தில் சேர்ப்பராம். நம் பாட்டிமார் போற்றிய பிடியரிசி வழக்கமேயன்றோ இது!

அதன்பின் அவ்வாண்டு அத்தெருவில் பிறந்தோர், மணந்தோர், மறைந்தோர் பெயர்களை வாசித்தனர். மறைந்தோர் வரிசையில் இறுதியாக ஒரு தமிழ்ப்பெயர் கேட்டது. ழகரம் அவர் நாவில் லகரமாயிற்று. எனினும் யாரென அறியத் தாமதமாகவில்லை.

மூன்று நாள் முன்னர், 28ஆம் நாள் காலமான நம் பெரியவரே அவர். ஓய்வு பெற்று, மனைவியை இழந்து, காலனிக்கு வெளியே ஓர் அறையில் தனித்திருந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் நம் சங்கத்திற்குச் சந்தா தவறாது செலுத்தியவர். கிறிஸ்துமசுக்கு முன் வீடு வீடாய்ச் சென்ற அச்சபையினர், பகலிலும் கதவு திறவாதது கண்டு உட்சென்று, காய்ச்சலில் கிடந்தவரை மருத்துவமனை சேர்த்தனர். நமக்குச் செய்தி வந்தது மறைந்தபின்தான். அந்நாட்களில் நாம் பொங்கல் விழா நாடகத்திற்கு ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தோம். சுடலைக்கு விறகு சுமந்தவருள் நாகர் ஒன்பதின்மர், தமிழர் நால்வர். எண்ணிப் பார்ப்பது நம் தொழிற்பழக்கம்; மன்னிக்க.

இறந்தோருக்காக வேண்டுவது அச்சபையின் மரபன்று. எனவே, தொலைவிலுள்ள அவர்தம் மகளுக்கு ஆறுதல் வேண்டினர். அம்மகள் எவ்வூரில் இருக்கிறாள் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் நம் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டாள். நள்ளிரவு மணி ஒலித்ததும் எல்லாரும் கைகுலுக்கினர். பொருளாளர் நம்மிடமும் வந்தார். ஒரு வார்த்தை குறை கூறவில்லை. சாப்பிட்டுப் போகவேண்டும் என்றார்.

சங்கக் குழுவினரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. நாமும் அக்குழுவில் உள்ளோம். ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு, வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். வீட்டு எண், தனித்திருப்போர், முதியோர், ஊரிலுள்ள உறவினர் முகவரி எனப் பத்திகள் உள்ளன. காலனிக்கு வெளியே குடியிருப்போருக்குத் தனிப் பக்கம் உண்டு. சிற்றுண்டிக்குச் செல்லுமுன் அன்பர்கள் எழுதிவிட்டுச் செல்லுக. பேனா நூலிற் கட்டியிருக்கிறது.