பாதியில் நிற்கும் போர்வை

பழைய நூல் புடவைகளை அடுக்கி, பாட்டி பாதி தைத்து வைத்த போர்வை பல வீட்டுப் பரணில் கிடக்கும். நம் குரோம்பேட்டையில், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க என்ன கூலி என்றால் தையல்காரர் உடனே சொல்வார். இந்தப் போர்வையை நீட்டிப் பாருங்கள், தயங்குவார்.

அதில் நியாயம் உண்டு. ஐந்து அடி அகலம், ஏழரை அடி நீளம் என்று வையுங்கள். சுற்றளவு 25 அடிதான். ஓரப்பட்டி வைப்பது சின்ன வேலை. உள்ளே அங்குலத்துக்கு ஒரு வரிசை போட்டால் 60 வரிசை, 450 அடித் தையல்! அவ்வளவு பருமனைச் சுருட்டி மெஷினுக்குள் நுழைப்பதே பெரும்பாடு. ஊசி வேறு உடையும். அமெரிக்காவில் இதற்கென்றே நீண்ட கை மெஷின் வைத்திருப்பவர்கள் சதுர அங்குலக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். நம் போர்வை 5,400 சதுர அங்குலம். 50 பைசா வீதம் போட்டாலும் 2,700 ரூபாய். அதில் புதுப் போர்வையே வாங்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், நிச்சயம்.

மெஷின்தான் வேண்டும் என்றில்லை, கையாலும் தைக்கலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் இப்படிப்பட்ட போர்வைகளை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைத்து வருகிறார்கள். மூலைகளில் மடித்த முக்கோணத் துணி வைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். அது இல்லாத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வை அல்ல.

கையில் பணம் குறைவா? ஓரப்பட்டிக்கு மட்டும் கூலி பேசுங்கள். உள்தையலுக்கு மதிய சீரியல் நேரம் இருக்கிறது.