சுவரில் நிற்கும் வெள்ளக் கோடு



வவுணதீவில் எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. 2011 தை மாத வெள்ளம் விட்டுப்போனது. எத்தனை தரம் வெள்ளை அடித்தாலும் மாரியில் ஊறி மறுபடியும் தெரியும். தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. எந்தச் சாமத்தில் ஏறியது, எத்தனை நாள் நின்றது, எவ்வளவு வேகமாக வடிந்தது என்று கேட்டால் அந்தக் கோடு வாய் திறக்காது.

கிரீன்லாந்து, அண்டார்டிக்கா பனிப்படலங்களை ஆராய்கிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அந்தப் பனி எப்படி உருகும், எப்படிக் கடலுக்கு வழுக்கி வரும் என்று கணினியில் மாதிரி செய்கிறார்கள். மாதிரி சரிதானா என்று எதை வைத்துப் பார்ப்பது?

வாவிக் கரையிலிருக்கும் எங்கள் படுவான்கரைக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். பனிப்படலம் தன் பாரத்தால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்தப் பிடி தளரும். கிரீன்லாந்துக் கரையில் கடல் தாழும். தொலைவிலுள்ள எங்களைப் போன்றவர்களின் கடல் சராசரியைவிடச் சற்றுக் கூடவே உயரும். அப்படி உயர்ந்தால் முகத்துவாரத்தால் உப்பு வாவிக்குள் ஏறும், மாரி வெள்ளமும் வடிய மறுக்கும்.

சாட்சிகளுக்கு வருவோம். பனியின் உயரத்தைச் செய்மதி லேசர் கதிரால் அளக்கிறது. உயரம் கூடியது புதிதாகப் பெய்த பஞ்சு போன்ற பனியாலா, இறுகிய பனியாலா என்று அதற்குத் தெரியாது. எடையை அறிய 2002இல் கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகள் போயின. ஏறக்குறைய 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, அந்த இடைவெளி மயிரிழையளவு மாறினாலும் அளந்து, கீழே பாரம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லின. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 27,000 கோடி தொன் பனியை இழக்கிறது. 36,000 கோடி தொன் போனால் உலகக் கடல் ஒரு மில்லிமீற்றர் உயரும். ஆனால் எந்தப் பனியாற்றில் எவ்வளவு போனது என்று கிரேஸால் பிரித்துக் காட்ட முடியவில்லை. அதன் பார்வை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமாக இருந்தது.

இன்னொரு சாட்சி, பனி நகரும் வேகம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். பனிக்கு அடியில் தரை எவ்வளவு வழுக்குகிறது என்பதைப் பெரும்பாலான இடங்களில் யாரும் நேரில் அளந்ததில்லை. ஆகவே செய்மதி காட்டிய வேகம் வரும்வரை அந்த வழுக்கலைக் கூட்டியும் குறைத்தும் மாதிரியைப் பொருத்துகிறார்கள். பொருத்திய பிறகு அதே வேகத்தைக் காட்டி, மாதிரி தேறிவிட்டது என்று சொல்லலாமா? வகுப்பில் செய்து காட்டிய கணக்கையே பரீட்சையில் கேட்டதாகிவிடும். பொருத்தும்போது தொடாத ஓர் அளவீடு பரீட்சைக்கு மிச்சமிருக்க வேண்டும்.

குறுகிய காலத்துச் சாட்சியும் ஏமாற்றும். கிரீன்லாந்தின் ஜேக்கப்ஸ்ஹாவன் பனியாறு பல ஆண்டுகள் வேகமாகப் பின்வாங்கியது. 2016 அளவில் குளிர்ந்த கடல்நீர் வந்ததும் வேகம் குறைந்து தடித்தது. அந்தச் சில ஆண்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் தவறான மாதிரியும் சரியென்று தோன்றும்.

அதனால் பழைய சாட்சிகளுக்குத் தனி மதிப்பு. 1930களில் டென்மார்க் ஆய்வுப் பயணத்தினர் வானூர்தியிலிருந்து கிரீன்லாந்துக் கரையைப் படம் பிடித்தார்கள். பல்லாண்டுகள் ஒரு நிலவறையில் கிடந்த அந்தப் படங்களில், பனியாறுகளின் முனை அன்று எங்கே நின்றது என்று தெரிகிறது. இன்றைய மாதிரியை அந்தக் காலத்திலிருந்து ஓடவிட்டு, முனை சரியாக நகர்கிறதா என்று பார்க்கலாம்.

எங்கள் பக்கத்திலும் 1957 வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று கைகாட்டிச் சொல்லும் மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எங்கள் சுவர்க் கோட்டைப் போன கிழமை நிலத்திலிருந்து அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதி வைத்தேன். அடுத்ததாக அவர்கள் வீட்டுப் படிகளை அளக்கப் போகிறேன்.