பால் கேட்டவர்களும் நாற்காலி கேட்டவனும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாசிசம் என்றதும் ஹிட்லர், முசோலினி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட உள்ளூர்க்காரர்களை மறந்துவிடுகிறோம். நார்வே நாட்டில் அப்படி ஒருவன் இருந்தான். பெயர் விட்குன் குவிஸ்லிங். இன்று ஆங்கிலத்தில் துரோகிக்கே அவன் பெயர்தான்.

முன்னாள் ராணுவ மந்திரி. 1933-இல் கட்சி தொடங்கினான். 'தேசிய ஒற்றுமை' என்று பொருள்படும் பெயர். பெயருக்கென்ன குறைச்சல்! 1933, 1936 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் நூற்றுக்கு மூன்று ஓட்டுக்கூட விழவில்லை. பார்லிமெண்டில் ஓர் இடமும் கிடையாது.

1940 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மன் படை நுழைந்தது. அன்று மாலையே ரேடியோவில் தன்னைப் பிரதமர் என்று அறிவித்துக்கொண்டான். ஆறே நாளில் ஜெர்மானியரே அவனை ஒதுக்கிவிட்டார்கள்! அதிகாரம் ஹிட்லர் அனுப்பிய டெர்போவனிடம் போயிற்று. செப்டம்பரில் மற்றக் கட்சிகளுக்கெல்லாம் தடை. இவன் கட்சி மட்டும் மிச்சம்.

நமக்கு முக்கியமானது இனிமேல்தான். ஓஸ்லோ நகர ஆலைகளில் தொழிலாளருக்குக் கொடுத்துவந்த பாலை நிறுத்தினார்கள். 1941 செப்டம்பர் 8-ஆம் தேதி வேலைநிறுத்தம் வெடித்தது. 10-ஆம் தேதி ராணுவச் சட்டம். அன்றே இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் வக்கீல் விகோ ஹான்ஸ்டீன். மற்றவர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தொழிலாளர் பிரதிநிதியான ரோல்ஃப் விக்ஸ்ட்ரோம். பால் கேட்டதற்குக் குண்டு! பிறகு சங்கத்தைக் கலைத்தார்களா? இல்லை. தலைமையில் குவிஸ்லிங் ஆட்களை உட்கார வைத்தார்கள். பலகை அதேதான், உள்ளே இருந்தவன் வேறு.

1942 பிப்ரவரியில் குவிஸ்லிங்குக்கு 'மந்திரித் தலைவர்' பட்டம் கிடைத்தது. உடனே வாத்தியார்கள் மீது பாய்ந்தான். எல்லோரும் தன் கட்சிச் சங்கத்தில் சேர வேண்டும், பிள்ளைகள் கட்சி இளைஞர் படையில் சேர வேண்டும் என்று சட்டம். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், முடியாது என்று ஒரே வாசகத்தைத் தனித்தனியே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். பெற்றோரும் எழுதிக் குவித்தார்கள். சுமார் 1,100 ஆசிரியர்கள் கைதானார்கள். அவர்களில் பல நூறு பேரைக் கப்பலில் அடைத்து, வடகோடியில் உள்ள கிர்கெனெஸ் துறைமுகத்தில் மூட்டை சுமக்க வைத்தார்கள். பணியவில்லை. ஆண்டு முடிவதற்குள் ஊர் திரும்பினார்கள். கட்சிச் சங்கத் திட்டம் குப்பைக்குப் போயிற்று.

வெற்றியை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். அதே 1942 நவம்பர் 26-ஆம் தேதி 'டோனாவ்' என்ற கப்பல் 500-க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிச் சென்றது. அவர்கள் கொண்டுபோகப்பட்ட இடம் ஆஷ்விட்ஸ். வீடு வீடாகப் போய்ப் பிடித்தது நார்வே போலீஸ். 1945 அக்டோபர் 24-ஆம் தேதி குவிஸ்லிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கப்பலில் போனவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலரே.